கட்டை போடாத வண்டி

துளசி பஸ்ஸின் டிரைவர் இன்னாசிராஜுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை குறைவு, இயந்திரங்கள்மேல் அதைவிடக் குறைவு. அவர் முழுசாக நம்பியது இரண்டு பேரைத்தான். ஒருவர், கண்ணாடிக்கு மேலே சின்னச் சுரூபச் சிலையாகத் தொங்கிய அந்தோணியார். இன்னொருவன், பின்படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வரும் கிளீனர் மாது.

மாது என்றதும் வெளியூர்க்காரர்கள் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர் அது, ஊர்வாய் சுருக்கிவிட்டது. இந்த மாதுவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, முறுக்கிய மீசை, கொஞ்சம் வளைந்த கால்கள். கிளீனர் என்று பெயரே தவிர அவன் வண்டியைத் துடைத்து யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. அவன் வேலை கட்டை போடுவது.

அதென்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் கிருஷ்ணப்பன் முதலாளியின் பழைய வண்டியில் போனதில்லை என்று அர்த்தம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் வண்டி அது. அதற்கு செல்ஃப் எடுக்காது. இன்ஜினை ஒருமுறை அணைத்தால் பாதிப் பயணிகளாவது இறங்கித் தள்ள வேண்டும். அதனால் எந்த ஸ்டாப்பிலும் அணைக்காமல் நியூட்ரலில் போட்டு உறும விட்டுத்தான் நிறுத்துவார்கள். கைப்பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. இழுத்தால் மேலே வரும், விட்டால் கீழே போகும், சக்கரத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சமதரையில் கவலை இல்லை. சரிவில் நின்றால் டயருக்கு அடியில் கட்டை போட்டே தீர வேண்டும்.

மாதுவின் கட்டை நல்ல வேலமரத்தில் ஆப்பு மாதிரிச் சீவியது. தடித்த பக்கத்தில் துளை போட்டு இரண்டு முழக் கயிறு கட்டியிருந்தான். கயிறுதான் அதில் முக்கியம். கயிற்றைப் பிடித்து வீசினால் கட்டை போய் டயருக்கடியில் உட்காரும், சுண்டினால் வெளியே வரும், கை சக்கரத்தின் கிட்டே போக வேண்டியதில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, கட்டையை வீசிவிட்டு, “கட்டெ” என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் காதில் விழாமல் இன்னாசிராஜின் கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை.

பென்னாகரத்தைத் தாண்டி மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் முனியப்பன் மேடு. அங்கே நின்று சூடம் காட்டாமல் எந்த வண்டியும் கீழே இறங்காது. முனியப்பன் கொஞ்சம் மேலே சமதரையில் உட்கார்ந்திருக்கலாம். சாலை சரியத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்திருந்தார், வந்தவன் எல்லாம் சரிவில்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இன்னாசிராஜ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவர். இருந்தாலும் மேட்டில் நிறுத்திவிடுவார். வண்டிக்கு உள்ளே அந்தோணியார் பார்த்துக்கொள்ளட்டும், வெளியே இவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பேருக்கும் எல்லை பிரித்துக் கொடுத்திருந்தார். சூடம் காட்டுவது மாது. அதில் அவனுக்கு ஒரு பெருமை.

எண்பத்தேழில் கிருஷ்ணப்பன் புது வண்டி வாங்கினார். கூடவே கம்பெனி ஃபிட்டர் ஒருவர் வந்து ஷெட்டில் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். இது காற்றில் வேலை செய்யும் பிரேக். காற்று இருக்கும்வரை உள்ளே ஸ்பிரிங் அடங்கிக் கிடக்கும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து தானாகவே சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். நிறுத்தி வைக்க வேண்டுமானால் டிரைவர் பக்கத்தில் உள்ள குமிழை இழுத்தால் போதும், மலையிலே நிறுத்தினாலும் அசையாது. டிரைவர் தூங்கினாலும் பிரேக் தூங்காது என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சில் தானே மயங்கிப் போய் ஃபிட்டர் சிரித்தார்.

இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. “நான் புடிக்காமயே அதுவா புடிக்குமுன்னா, நான் புடிக்கறப்ப அதுவா வுட்டுடவும் செய்யுமில்லீங்களா?” என்று கேட்டார்.

கிருஷ்ணப்பனுக்கு வேறு யோசனை. தானாக நிற்கிற வண்டிக்குக் கட்டை எதற்கு, கட்டை இல்லாவிட்டால் கட்டைக்காரன் எதற்கு. அதை நேராகக் கேட்கவும் கேட்டார். மாது இறங்கினால் நானும் இறங்கிக்கொள்கிறேன், ஸ்டியரிங்கை உங்கள் ஃபிட்டரிடம் கொடுங்கள் என்று இன்னாசிராஜ் வெடுக்கென்று சொல்லிவிட்டார். நல்ல டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாது அவர் பக்கத்தில் வந்து நின்றான். நன்றி சொல்லத் தெரியாதவன். இரண்டு மூன்று முறை தொண்டையைக் கனைத்துவிட்டு, புது வண்டிக்குக் கட்டையைக் கொஞ்சம் பெரிசாகச் செதுக்க வேண்டும், டயர் அகலம் என்று மட்டும் சொன்னான். செதுக்கியும் விட்டான்.

புது வண்டியில் பல மாதம் அப்படியே ஓடியது. இன்னாசிராஜ் குமிழையும் இழுப்பார், “கட்டெ” என்ற குரலுக்கும் காத்திருப்பார். பயணிகள் கேலி செய்தார்கள். பட்டுப்புடவை கட்டிய பெண்ணுக்குக் கோவணமும் கட்டிவிட்டது மாதிரி இருக்கிறது என்றுகூட ஒருவன் சொன்னான். கண்டக்டர் அர்ச்சுனன்தான் அதற்கு அதிகமாகச் சிரித்தது. இன்னாசிராஜ் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் முனியப்பன் மேட்டைத் தாண்டி வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம். சாலையில் உருண்டு கிடந்த கல் ஏதோ அடியில் பட்டென்று தெறித்தது. கொஞ்ச தூரம் போனதும் சீறுகிற சத்தம் கேட்டது. வளைவு வந்தது, இன்னாசிராஜ் பிரேக்கை மிதித்தார். கால் கீழே போனது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தார். அந்தோணியாரே என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. எதிரே இடுப்புயரக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

அப்போது வண்டி தானாகவே பிடித்தது. வண்டியை அடியிலிருந்து யாரோ கட்டிப் பிடித்தது மாதிரி ஒரு குலுக்கல். பின்சக்கரங்கள் தேய்ந்து அலறின. சுவரை முன்பக்கம் முட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது அசையாமல் நின்றுவிட்டது.

மாது வழக்கப்படி குதித்தான், கட்டையை வீசினான், “கட்டெ” என்றான். ஆனால் வண்டி அதற்கு முன்பே நின்றாயிற்று. டயருக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. கட்டை சும்மா கிடந்தது. கீழே இறங்கிய இன்னாசிராஜ் அந்த இரண்டு விரல் இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணக்காரர்கள் மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்கள். பெண்ணின் தாயார் அவர் காலில் விழப்போனாள். என்ன சாமர்த்தியம், என்ன நிதானம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தான் செத்த பிரேக்கை மிதித்துக்கொண்டு கல்லாய் உட்கார்ந்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன் காலும் உதவவில்லை, மாதுவின் கட்டையும் உதவவில்லை, உதவியது ஃபிட்டர் சொன்ன அந்த ஸ்பிரிங்தான் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

நம்பாதவன் நம்பத் தொடங்கினால் அதற்கு அளவில்லாமல் போய்விடுகிறது. அந்தோணியார் சுரூபத்தைக் கண்ணாடியிலிருந்து கழற்றிக் குமிழில் மாட்டினார். டீக்கடையில் மற்ற டிரைவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் காற்று, ஸ்பிரிங் என்று பாடம் எடுத்தார். மேட்டில் வண்டி நின்றதும் “கட்டெ” என்ற குரலுக்குக் காத்திராமல் இறங்கிப் போகத் தொடங்கினார். மாது குரல் கொடுப்பான், டிரைவர் சீட் காலியாக இருக்கும்.

கிருஷ்ணப்பன் காரியவாதி, நேரம் பார்த்துக் கேட்டார். ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போது, “என்ன டிரைவரே, இன்னும் கட்டைக்காரன் வேணுமா?” என்றார்.

இன்னாசிராஜ் குமிழைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாது பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தது அவருக்குத் தெரியும்.

“வேண்டாங்க,” என்றார்.

ஒரே வார்த்தை. அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகக்கூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் கொஞ்சம் உறுத்தியது. அதற்குள் மாது அவர் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தான். சண்டைக்கு வந்திருப்பானோ என்று நினைத்தார். அவன் கட்டையை எடுத்து நீட்டினான். “வெச்சிக்குங்கண்ணா. எனக்கு இனிமே எதுக்கு,” என்றான். அவர் மனைவி ராஜமேரி உள்ளேயிருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் நிற்கவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் கட்டையைச் சில நாள் மூலையில் போட்டு வைத்திருந்தார். பிறகு ராஜமேரி அதற்கு வேலை கண்டுபிடித்தாள். காற்றுக்கு அடித்துக்கொள்ளும் முன்கதவுக்கு அடியில் செருகி வைத்தாள். கயிறு நடையில் கிடந்து காலில் தட்டியது. இன்னாசிராஜ் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்.

மாது முனியப்பன் மேட்டிலேயே புளியமரத்தடியில் கடை போட்டான். சூடம், எலுமிச்சம்பழம், தேங்காய், வேகவைத்த கடலை. ஒரு பலகைப் பெட்டிதான் கடையும் நாற்காலியும். இப்போது சூடத்தை இன்னாசிராஜே இறங்கி வந்து வாங்க வேண்டியிருந்தது. முதல் நாள் மாதுவின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவனோ எப்போதும்போலத் தொண்டையைக் கனைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற வண்டியின் சக்கரத்தைப் பார்த்து, “கட்டெ போடலீங்களாண்ணா?” என்று கேட்டான்.

“அது புடிச்சிக்கும் மாது.”

மறுநாளும் கேட்டான். அவரும் அதையே சொன்னார். தினமும் நடந்து நடந்து அது கும்பிடு போடுவதைப்போல ஒரு வழக்கமாகிவிட்டது. அவன் கேட்பதில் குத்தல் இருந்ததா என்று அவர் ஆரம்பத்தில் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார். அவன் கேட்பான், இவர் சொல்வார், சூடத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

கல்யாணக்காரர்கள் கதை ஊரெல்லாம் பரவியதில் துளசி பஸ்ஸுக்கு நல்ல பேர். கிருஷ்ணப்பன் அதை விடுவாரா. ஆடிப் பதினெட்டுக் கூட்டம் வருமுன் வண்டியின் முதுகில் ‘ஆட்டோமேடிக் பிரேக் – அச்சமில்லாத பயணம்’ என்று சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். பெயிண்டர் வந்த கையோடு ஷெட்டில் நின்ற பழைய வண்டிக்கும் அதே நிறம் அடித்து அதன் முதுகிலும் அதையே எழுதச் சொன்னார். எதற்கு என்று அர்ச்சுனன் கேட்டதற்கு, படிக்கிறவன் அடியில் குனிந்தா பார்க்கப் போகிறான் என்றார். இன்னாசிராஜும் அங்கே நின்று சிரித்தார்.

சொல்லி வைத்த மாதிரி ஆடிப் பதினெட்டுக்கு முன்பே புது வண்டி ஏதோ சாமான் வேண்டும் என்று தருமபுரி ஒர்க் ஷாப்பில் படுத்துவிட்டது. காவிரியில் முழுக்குப் போட ஜனம் திரண்டு நிற்கும்போது ஒரு வண்டியைச் சும்மா வைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும். பழைய வண்டியை எடுக்கச் சொன்னார். காலையில் இன்னாசிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார். கட்டையை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எடுத்தால் கதவு அடிக்கும், ராஜமேரி கத்துவாள். மேட்டில் கல்லுக்கா பஞ்சம் என்று நடந்துவிட்டார்.

முதல் நடையில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே அர்ச்சுனனைக் கூப்பிட்டுக் கல் வைக்கச் சொன்னார். இரண்டாம் நடையிலும் சொன்னார். அர்ச்சுனன் டிக்கெட் கிழிப்பானா, கல் தேடுவானா என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். மதியத்துக்கு மேல் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. கூரைமேல் ஆள், ஏணியில் ஆள், உள்ளே மூச்சு விட இடமில்லை. அர்ச்சுனன் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். வெயில், வியர்வை, குழந்தைகளின் அழுகை, இன்ஜின் சூடு. இன்னாசிராஜுக்குத் தலை கிறுகிறுத்தது.

மேட்டில் நிறுத்தினார். அவர் கை பக்கத்தில் போய்ப் பழக்கமான ஒன்றை இழுத்தது. குமிழ் இருக்கும் இடத்தில் கைப்பிரேக் கம்பி இருந்தது, அதுவும் இழுத்ததும் மேலே வந்தது. டயர் ஏதோ சின்னப் பள்ளத்தில் பட்டுக் கொஞ்ச நேரம் வண்டி அசையாமல் நின்றது. அவர் இறங்கினார்.

மாதுவின் கடையிலும் நெருக்கடி. வரிசையைத் தாண்டி அவன் இவருக்கு முதலில் சூடத்தை எடுத்து நீட்டினான். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல், கைகள் தேங்காய்க் குவியலுக்குள் துழாவ, கேட்டான்.

“கட்டெ போடலீங்களாண்ணா?”

“அது புடிச்சிக்கும் மாது.”

சொல்லி வாய் மூடவில்லை. என்ன வண்டி இன்றைக்கு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் திரும்புமுன் மாது நிமிர்ந்துவிட்டான். அவன் கண் அவர் தோளைத் தாண்டிப் போனது. பழைய வண்டி ஆட்களைச் சுமந்துகொண்டு, நின்றபோது இருந்த அதே உறுமலோடு, நடக்கப் பழகும் பிள்ளை மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கூரைமேல் இருந்தவர்கள் வண்டி கிளம்பிவிட்டது என்று கோவிந்தா போட்டார்கள்.

இன்னாசிராஜ் ஓடினார். டிரைவர் கதவை எட்டிப் பிடித்தார், கால் படியில் வழுக்கியது, விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார். மாது அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஓடும்போதே அவன் வலது கை இடுப்புப் பக்கம் துழாவியதை அவர் பார்த்தார். முன்பெல்லாம் கட்டையின் கயிற்றைச் செருகி வைத்திருந்த இடம் அது. அங்கே ஒன்றும் இல்லை. பலகைப் பெட்டியைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் எறிந்தான், அது அப்பளமாக நொறுங்கியது. முனியப்பன் எதிரே தேங்காய் உடைக்கும் கல் கிடந்தது. அம்மியைவிடச் சற்றுச் சிறியது, சூடக்கரி படிந்து கறுத்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு வண்டியின் முன்னால் போனான்.

அந்தக் கல்லுக்குக் கயிறு இல்லை. வீச முடியாது. குனிந்து, இரண்டு கையாலும் தள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்தான். சக்கரம் கல்லின்மேல் பாதி ஏறியது, கல் நழுவியது, மாது அதைத் தோளைக் கொடுத்து முட்டினான். வண்டி ஒருமுறை முன்னால் சாய்ந்து, முனகி, நின்றுவிட்டது.

இன்னாசிராஜ் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்கும் டயருக்கும் இடையில் மாதுவின் தோளும் மார்பின் பாதியும் இருந்தன. முகம் வெளியே இருந்தது. அவர் மண்ணில் மண்டியிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்ன செய்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தார், அழுகைதான் வந்தது. அவன் கண் திறந்தே இருந்தது.

“நின்னுச்சுங்களாண்ணா?”

“நின்னுச்சு மாது. நின்னுச்சு.”

உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் குலுங்கியது என்று ஒரு கிழவி கேட்டாள். ஜன்னலோரம் இருந்த ஒரு ஆள், எல்லாம் தெரிந்தவர் போலிருக்கிறது, அவளுக்கு நிதானமாக விளக்கம் சொன்னார். “வண்டி கொஞ்சம் நழுவுச்சும்மா. பயப்படாத. இது ஆட்டமேட்டிக்கு பிரேக்கு. தானா புடிச்சிக்கும்.” கிழவி நல்ல வண்டி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அர்ச்சுனன் எப்படியோ பிதுங்கி வெளியே வந்து முன்னால் ஓடிவந்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சுதாரித்துக்கொண்டு எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்தினான். ஆட்கள் கூடினார்கள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளினால்தான் ஆளை எடுக்க முடியும். தள்ளிப் பிடிக்கும்போது மறுபடி முன்னால் உருண்டுவிடாமல் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இந்தப் பழைய வண்டியில் அதற்கு ஒரு சாமான் எப்போதும் இருக்குமே என்று, காலையில் தானே கல் தேடி வைத்ததுகூடப் பதற்றத்தில் மறந்துபோய், அர்ச்சுனன் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து துழாவினான். இல்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தான். இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

“அண்ணா, கட்டெ எங்க?”

இன்னாசிராஜ் நிமிரவில்லை. கையில் இருந்த தலை கனத்துக்கொண்டே போனது.

“வூட்ல இருக்குது,” என்றார். “கதவுக்கு வெச்சிருக்குது.”